விரலை முகர்ந்து பார்த்த நர்சம்மா

முதன்முதலாக என்னைப் பார்த்த அன்று அந்த நர்சம்மா என் பெயரைக் கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னார். நாடி பார்க்கப் போகிறார் என்று நினைத்து நீட்டினேன். அவர் என் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"கம்மங்கஞ்சிங்கம்மா."

"தொட்டுக்க?"

"ஒண்ணுமில்லைங்கம்மா. வெங்காயம்."

"ஒண்ணுமில்லையா, வெங்காயமா?"

"வெங்காயந்தாங்கம்மா."

இன்னொரு தடவை முகர்ந்தார். "வெங்காயத்துல கருவாட்டு வாடை வருமோ?"

"எங்க அத்தைக்குக் கருவாடு சுட்டுக் குடுத்துட்டு வாரேங்கம்மா. நான் திங்கல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீக" என்று கையை விட்டார். "நீ சொல்றதைச் சொல்லு. நான் பாக்குறதைப் பாத்துக்கிறேன்."

நான் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒருவேளை தின்றுதான் விட்டோமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அப்படி ஒரு பார்வை அவருக்கு.

அது யுத்த காலம். எங்கள் ஊர் திருச்சுழிக்கும் பரளச்சிக்கும் நடுவில் கரிசல் காட்டுக்குள் இருந்தது. மழை பெய்தால் பருத்தி, மிளகாய், குதிரைவாலி, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. ஊர்க்கோடியில் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி திறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டு கட்டில், ஒரு ஆயா, இந்த நர்சம்மா. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. நான் அப்போது தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன்.

நர்சம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். ஒடிசலான உடம்பு. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, ஆம்பிளைச் செருப்பு, வெயிலோ மேகமோ கையில் ஒரு கறுப்புக் குடை. சொந்த ஊர் எது, கட்டிக்கொண்டவர் உண்டா, யாருக்கும் தெரியாது. கேட்டால், "எதுக்குக் கேக்குற?" என்று திருப்பிக் கேட்பார். கதவைப் பூட்டியபின் இழுத்துப் பார்ப்பார். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். பால்காரர் முன்னாலேயே ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டு அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பார். பால்காரர் முகம் கறுத்துப்போகும். மறுநாளும் அதே கதைதான்.

ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பது அவர் பழக்கம். ஒருநாள் மத்தியானம் ஓர் ஆள் காட்டிலிருந்து ஓடிவந்து, பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது என்று மூச்சிரைக்க நின்றான். "வலின்னு யார் சொன்னது? அவ சொன்னாளா, உங்க ஆத்தா சொன்னாகளா? நீ பாத்தியா?" என்று கேட்டார். அவன் பதில் தேடிக்கொண்டிருந்தபோது நர்சம்மா பையைத் தூக்கிக்கொண்டு பாதிப் புஞ்சை தாண்டியிருந்தார். அவன்தான் பின்னால் ஓடினான். நம்பாமலே ஓடுகிற மனுஷி என்று அவரைப் பற்றி எங்கள் வீட்டுக்காரர் சொல்வார்.

ஊரும் அவரை நம்பவில்லை. ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். திறந்தால் பாதரசம் ஏறி இறங்கும் கண்ணாடிக் குழாய். அதிலிருந்து ஒரு துணிப்பட்டையை எடுத்து நம் கையில் சுற்றி, ரப்பர் உருண்டையால் காற்றடித்து இறுக்குவார். ரத்தக் கொதிப்பு பார்க்கிறேன் என்பார். எங்கள் அத்தை, என் மாமியார், அதை முதல் நாளே வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

"பட்டாளத்துக்கு ரத்தம் பத்தலையாம். மாசமா இருக்கிறவ ரத்தம் கெட்டியா இருக்கும்ல, அதான் இந்தப் பொட்டச்சியை அனுப்பி உறிஞ்சுறாக. வீட்டுக்கு வந்ததும் கையைக் காட்டுத்தா, ஓட்டை கீட்டை இருக்கான்னு பாப்போம்."

பட்டையை அவிழ்த்தபின் கையில் சிவந்த வரி இருக்கும். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

இதைவிடப் பெரிய வழக்கு தராசு விஷயத்தில் வந்தது. மாசமான பெண்களை வாரம் ஒரு தடவை எடை பார்க்க வேண்டும் என்று நர்சம்மா பிடிவாதம் பிடித்தார். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற யந்திரம் இல்லை. கேட்டு எழுதினாராம், வரவில்லை. அதனால் பருத்திக் கமிஷன் கடைக்குப் போய், மூட்டை நிறுக்கும் பெரிய தராசைப் பார்த்துவிட்டு வந்தார். உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் தராசு. ஒரு தட்டில் எடைக்கற்கள், இன்னொரு தட்டுப் பலகையில் நாங்கள் ஏறி உட்கார வேண்டும். வியாபாரம் இல்லாத நாளில் ஆம்பிளைகளை வெளியே அனுப்பிவிட்டு, வாசலில் கோணிப்பையைத் தொங்கவிட்டு நிறுத்தார். தராசுக்காரர் மட்டும் திரும்பி நின்றுகொண்டு கற்களை எடுத்துக் கொடுப்பார். வயிற்றில் இருக்கிற பிள்ளையை நிறுத்துப் பார்த்தால் விளங்குமா என்று பெண்கள் அழுதார்கள். நர்சம்மா, "முதல்ல என்னை நிறுங்க" என்று தானே ஏறி உட்கார்ந்தார். அவரைப் பார்த்து நாங்களும் ஒவ்வொருத்தியாக ஏறினோம்.

நான் நிறுத்துவிட்டு வரும்போதெல்லாம் அத்தை வாசலிலேயே நிறுத்தி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார். ஒருநாள் நர்சம்மா என் பின்னாலேயே வந்துவிட்டார். அத்தையின் மூடிய கையைப் பார்த்தார்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல, திருஷ்டிக்கு."

"விரிங்க."

அத்தை விரித்தார். கல் உப்பு. "இவளுக்கு உப்பே ஆகாதுன்னு சொல்லியிருக்கேன். நீங்க கையில வச்சுக்கிட்டு நிக்கிறீக."

"அடுப்புல போடுறதுக்கும்மா."

"அடுப்புல போடுறீகளோ, கஞ்சியில போடுறீகளோ."

உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு, உப்புக்கண்டம் எதுவும் கூடாது என்பது அவர் சட்டம். சோற்றைக் குறைக்க வேண்டும். கீரையும் முட்டையும் மோரும் சேர்க்க வேண்டும். உடம்பில் நீர் கோத்தால் ரத்தக் கொதிப்பு ஏறும், கொதிப்பு ஏறினால் வலிப்பு வரும், வலிப்பு வந்தால் தாயும் போகும் பிள்ளையும் போகும் என்று ஒவ்வொருத்திக்கும் நேருக்கு நேர் சொன்னார். நான் பயந்துவிட்டேன். அவர் சொன்னபடியே இருந்தேன். உப்பில்லாத குதிரைவாலிச் சோறு வாயில் ஈர மண் மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன்.

எட்டாம் மாதம் பிறந்ததும் என் எடை ஒரு வாரத்தில் எகிறியது. தராசுக்காரர் கல்லுக்கு மேல் கல் வைத்தார். நர்சம்மா என்னை இறக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது, மேலே வர நெடுநேரம் ஆனது. மோதிரம் விரலை அறுத்தது. முகம்கூட உப்பியிருந்ததாக ஆயா சொன்னாள்.

"என்ன தின்ன?"

"நீங்க சொன்னது தவிர ஒண்ணும் திங்கலைங்கம்மா."

"நான் சொன்னதைத் தின்னா இப்படி ஏறாது."

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தார். புழக்கடை வழியாக நேரே அடுப்படிக்குள் நுழைந்து ஒவ்வொரு பானையாகத் திறந்து பார்த்தார். குழம்பை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். என் கையை முகர்ந்தார், அத்தையின் கையை முகர்ந்தார். கடைசியில் முற்றத்தில் நின்றுகொண்டு, "இந்த வீட்டுல யாரோ பொய் சொல்றீக" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டைப் பிளந்துவிட்டது. அத்தை உப்பு மரவையை, அந்த மரக்கிண்ணத்தை, எடுத்துத் தன் அறையில் வைத்துப் பூட்டினார். நான் அடுப்படிக்குள் போனால் ஏதாவது சாக்கில் பின்னாலேயே வருவார். "வாயாடாத புள்ளைன்னு நெனச்சேன், வாய் வேற வேலையா இருந்திருக்கு" என்று பக்கத்து வீட்டில் சொன்னது என் காதுக்கு வந்தது. நான் அத்தையைச் சந்தேகப்பட்டேன். எனக்குத் தரும் சோறு உண்மையிலேயே உப்பில்லாததுதானா, நாக்குச் செத்துப்போனதால் எனக்குத் தெரியாமல் போகிறதா என்று ஒவ்வொரு கவளத்தையும் வாயில் வைத்துக்கொண்டு யோசிப்பேன். கல்யாணப் பேச்சின்போது அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை, தன் அண்ணன் மகளைத்தான் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். அது மனசில் வந்து வந்து நின்றது.  எங்கள் வீட்டுக்காரர் என்னோடு பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் காரியாபட்டியிலிருந்து என் அம்மா வந்தார். ஓலைப்பெட்டியில் பாசிப்பயற்று உருண்டையும் கொய்யாப் பழமும் கொண்டுவந்திருந்தார். கெட்ட வேளை, நர்சம்மா அப்போது என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்டியைத் திறங்க" என்றார். உருண்டைக்கு அடியில் வாழைமட்டையில் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. நெத்திலிக் கருவாடு.

"இது யாருக்கு?"

"சம்பந்தியம்மாளுக்கு. அவுகளுக்குப் பிடிக்கும்."

"மகளுக்கு இல்ல?"

"அவளுக்கு ஆகாதுன்னு சொல்லிவிட்டாகளே. பெத்தவ நான் குடுப்பனா தாயி?"

நர்சம்மா எங்கள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "பாத்துக்கிடுங்க" என்றார். போன தடவை அம்மா வந்துபோன மறுவாரம்தான் என் எடை ஏறியது என்பது எல்லாருக்கும் அந்த நொடியில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அம்மா தண்ணீர் குடித்து முடிக்கும்வரை எங்கள் வீட்டுக்காரர் பொறுத்தார். பிறகு தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை பிறக்கட்டும். அதுவரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வர வேண்டாம்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்திருப்பார். எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அம்மா எழுந்தார். பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுவாரம் எடை இன்னும் கூடியது. கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது என்று நான் சொன்னபோது நர்சம்மா முதல்முறையாகத் திருப்பிக் கேட்கவில்லை. தன் வீட்டுக்குப் போய் ஒரு துணிமூட்டையும் அலுமினியச் சட்டியும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியை ஆயாவிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"இனிமே இவளுக்கு நான்தான் பொங்கிப் போடுவேன். யாரும் கிட்ட வரக்கூடாது."

அத்தை ஏதோ முனகினார். நர்சம்மா காதில் வாங்கவில்லை.

அந்த நாட்களை நான் மறக்க முடியாது. நடு அறையில் பாயை விரித்து என்னை இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தானே தண்ணீர் கொண்டுவந்து, தானே அடுப்பு மூட்டி, தானே ஊட்டினார். நான் புழக்கடைக்குப் போனால் குடையோடு கூடவே வந்து, பத்தடி தள்ளி நிற்பார். படுக்கும்போது என் சேலை முந்தானையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு படுப்பார். நான் எழுந்தால் தெரிய வேண்டுமாம். தலையணைக்கு அடியில் கைவிட்டுத் துழாவுவார். பக்கத்து வீட்டுக்காரி மோர் கொண்டுவந்தாள். அவள் கண்முன்னாலேயே அதைக் கொட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. திருடியைக் காவல் காப்பது மாதிரி காத்தார். ஆனால் தலை வலிக்கும்போது நெற்றியில் ஈரத்துணி வைத்து, அது சூடாவதற்குள் மாற்றிக்கொண்டே இருந்ததும் அதே கைதான்.

எடை பார்க்கிற நாள் வந்தது. என்னால் நடக்க முடியவில்லை. வண்டி கட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். பலகையில் உட்கார்ந்தேன். தராசுக்காரர் போன வாரத்துக் கற்களை வைத்தார். என் தட்டு தரையிலேயே இருந்தது. இன்னொரு கல். அசையவில்லை. இன்னொன்று வைத்தபிறகுதான் எழுந்தது.

நர்சம்மா தராசின் முள்ளைப் பார்த்தார். சங்கிலியைப் பிடித்து ஆட்டினார்.

"தராசுல என்ன பண்ணி வச்சிருக்கீரு?"

தராசுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அம்மா, பருத்தி கொண்டாரவன் கேக்கலாம் இந்தக் கேள்வியை. நீங்க கேக்கலாமா?"

"கல்லை மாத்தி வையும்."

கல்லை இந்தத் தட்டுக்கும் அந்தத் தட்டுக்கும் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. நர்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். எப்போதும் உள்ள எடைதான். இறங்கினார். சந்தேகப்படுவதற்கு அங்கே இன்னும் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று தேடுவது போல இருந்தது அவர் முகம். தராசைப் பார்த்தாகிவிட்டது. கல்லைப் பார்த்தாகிவிட்டது. வாரம் முழுவதும் என் வாய்க்குள் போன ஒவ்வொரு பருக்கையும் அவர் கையால் போனது.

பக்கத்தில் கிடந்த பருத்தி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ பொய் சொல்லல" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் குரல் அப்படி இருந்தது.

உடனே எழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். அது திரிந்த பால் மாதிரி கெட்டிப்பட்டது. கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். பாதரசம் இறங்குவதைப் பார்த்தவர் பட்டையை அவிழ்க்கும்போதே எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். "மதுரைக்குப் போறோம். இப்பவே."

பெட்ரோல் கிடைக்காத காலம். திருச்சுழியிலிருந்து மதுரைக்குப் போன பஸ்ஸில் பின்பக்கம் அடுப்பு வைத்துக் கரி போட்டு ஓட்டினார்கள். மேடு வந்தால் மூச்சுவாங்கி நிற்கும். பின் ஸீட்டில் என்னைப் படுக்க வைத்து, வலிப்பு வந்தால் பல்லுக்கு நடுவில் வைக்கத் துணி சுற்றிய ஒரு கரண்டியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நர்சம்மா தரையில் உட்கார்ந்து வந்தார். காரியாபட்டியில் கரி போட பஸ் நின்றது. கண்டக்டர், "இந்தா கிளம்பிரும்" என்றார்.

"நான் சொன்ன பெறகு கிளம்பினாப் போதும்" என்று நர்சம்மா இறங்கிப் போய் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அங்கிருந்தே எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "உங்க மாமியாரைக் கூட்டிட்டு வாங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

அம்மா மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்தார். பஸ் கிளம்பியபின் நர்சம்மா அவரிடம், "நீங்க ஒண்ணும் குடுக்கலைன்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்றார். அம்மா என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வெகுதூரம் போன பிறகு நர்சம்மா தானாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் தன்னைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டது அன்றுதான்.

போன வருஷம் ஒரு பெண் இருந்தாளாம். பரளச்சியில் பிறந்து எங்கள் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டாவது பிரசவம். அவளும் இப்படித்தான் வீங்கினாள். ஒன்றும் தின்னவில்லை என்று நர்சம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பொய் சொல்லாதடின்னு கையைத் தட்டிவிட்டேன். அவ ஆத்தா பலகாரம் கொண்டாந்து குடுக்குறதாக் கேள்விப்பட்டேன். அவ மாமனார் வீட்டுல போய், அந்தம்மாவை வீட்டுக்குள்ள விடாதீகன்னு சொன்னேன். பத்தியத்தை இறுக்கினாச் சரியாயிரும்னு இருந்துட்டேன். மதுரைக்கு அனுப்பல."

அவளுக்கு வலிப்பு வந்தது. தாயும் போய், வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. பெற்றவள்தான் தீனி கொடுத்துக் கொன்றாள் என்று மாமனார் வீட்டில் முடிவு கட்டினார்கள். மூத்த பெண் குழந்தையை அந்தத் தாயின் கண்ணில் காட்டுவதே இல்லையாம்.

"நான் சொன்ன சொல்லைத்தான் அவுக இன்னும் சொல்லிக்கிட்டிருக்காக" என்றார் நர்சம்மா. எனக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க முடியவில்லை.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னை இருட்டறையில் போட்டு ஊசி போட்டார்கள். லேடி டாக்டர் ஒருவர் வந்தார். வலியை வரவழைத்துப் பிள்ளையை எடுத்துவிட வேண்டும், வேறு மருந்து இல்லை என்றார். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பட்ட பாட்டுக்குப் பிறகு பெண் குழந்தை பிறந்தது. முருங்கைக்காய் மாதிரி கை கால். அழுகை பூனைக்குட்டிச் சத்தம். பஞ்சில் சுற்றி வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவில் வைத்தார்கள். பிழைக்கும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பிழைத்துக்கொண்டது. எனக்கும் வீக்கம் வடிந்தது. மோதிரம் விரலில் தானாகச் சுழன்ற அன்று அம்மா அழுதார்.

லேடி டாக்டரை நர்சம்மா விடவில்லை. என் கட்டில் ஓரமாகவே வைத்துக் கேட்டார்.

"அம்மா, இது சாப்பாட்டுனாலதான வருது?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"உப்பே தொடாதவளுக்கு வருமா?"

"வந்திருக்கு."

"அப்ப எதுனால வருது?"

லேடி டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியல. யாருக்குமே தெரியல. எடை கூடுறது நோயோட அடையாளம். நீர் கோக்குது, அவ்வளவுதான். தின்னதுனாலதான்னு சொல்ல முடியாது."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா தெரியாதுங்கிறது மட்டும் நிச்சயம்."



குழந்தைக்குத் தலை நின்று முகம் தெளிந்த பிறகு, ஒரு காலைப்பொழுதில் நர்சம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பழையபடி புழக்கடை வழியாக வரவில்லை.

"பரளச்சிக்குப் போகணும். வண்டி வேணும். நீயும் வரணும், பிள்ளையைத் தூக்கிட்டு."

"நான் எதுக்கும்மா?"

"நான் வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாக. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். உன்னைப் பாத்தா நம்புவாக."

அத்தை குழந்தைக்குத் துணி எடுத்து மடித்துக் கொடுத்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த நாட்களின் கசப்பு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உப்பு மரவை அடுப்படிக்குத் திரும்பி வந்திருந்தது.

பரளச்சியில் அந்தத் தாய் வீட்டு வாசலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நர்சம்மாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்சம்மா வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். என்னைக் காட்டி, இவளுக்கும் அப்படித்தான் வந்தது, நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன், இவள் ஒன்றும் தின்னவில்லை, உங்கள் மகளும் தின்றிருக்க மாட்டாள், நீங்களும் கொடுத்திருக்க மாட்டீர்கள், நான் சொன்னது தப்பு என்றார்.

அந்த அம்மாள் வற்றலைப் புரட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் நிமிர்ந்தார்.

"நான் என்ன குடுத்தேன், குடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்ட எதுக்கு வந்து சொல்ற? தெரியாதவுக அங்க இருக்காக. அவுககிட்டப் போய்ச் சொல்லு."

நர்சம்மா தலையை ஆட்டினார். வண்டியில் ஏறி, "அந்த ஊருக்கு விடுங்க" என்றார்.

இறந்துபோனவளின் மாமனார் வீடு பெரிய வீடு. முற்றத்தில் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மறுகல்யாணம் செய்துகொண்டிருந்த மகன் காட்டு வேலைக்குப் போயிருந்தான். நர்சம்மா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். பெரியவர் என்னைப் பார்த்தார், மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தார்.

"போனவ வரப்போறாளா? இப்ப என்னை என்ன செய்யச் சொல்றீக?"

"பேத்தியை அவ அம்மாச்சிகிட்ட அனுப்புங்க."

"அனுப்புவோம். பொங்கல் கழியட்டும், ஆள் போட்டு அனுப்பி வைக்கிறேன்."

"அனுப்பி வைக்கிறேங்கிறதை நான் நம்ப மாட்டேன்" என்றார் நர்சம்மா. குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு முற்றத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். "பிள்ளையைக் கிளப்புங்க. நானே கொண்டுபோய் விட்டுட்டு, சாயந்தரம் நானே கொண்டாந்து விடுறேன்."

பெரியவர் உள்ளே போனார். மோர் வந்தது, நர்சம்மா குடிக்கவில்லை. குழந்தை தூங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். "தூங்குற பிள்ளையைக் காட்டுங்க" என்றார். வெயில் முற்றத்துக்குள் வந்து அவர் காலைத் தொட்டு, மடியைத் தொட்டது. அவர் நகரவில்லை. கடைசியில் பெரியவரே அந்தப் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். தலை சீவிப் பொட்டு வைத்திருந்தார்கள். நாலு வயதிருக்கும். கண்ணை அகல விரித்து நர்சம்மாவையே பார்த்தது.

வண்டியில் அதைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டார். ஊர் எல்லை தாண்டியபின் அது மெல்லக் கேட்டது:

"எங்க போறோம்?"

"உங்க அம்மாச்சி வீட்டுக்கு."

"பொய் சொல்ற."

"நான் சொல்றதை நம்பாத" என்றார் நர்சம்மா. "வந்து பாரு."